இரத்தம் குடுத்திட்டுக் குந்தியிருக்கேக்க கேக்கிற கேள்வியள்: காய்ச்சல், கிருமி, கிணறு, நுளம்பு

நான் யாழ்ப்பாணத்தில நெல்லியடிப் பக்கம் ஒரு சின்ன லாப்பில கன வருசமா இரத்தம் எடுக்கிறன். ஊசி குத்தி முடிஞ்சு ரிப்போட் வாற வரைக்கும் சனம் வாங்கில குந்தியிருக்கும், அந்த நேரத்தில கதை துவங்கும், அநேகமா ஒரே கேள்வியள்தான், ஆள்தான் மாறும். மாரி துவங்கினா டெங்கு, வெள்ளம் வத்தினா எலிக்காய்ச்சல், பங்குனி வெயிலுக்கு அம்மாள், அதுதான் அம்மை. சொல்லிச் சொல்லி வாய் உழைஞ்சு போய் கடைசியில எழுதி வைப்பம் எண்டு இருந்தன். கேட்டவை கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறன். நான் டொக்டர் இல்லை, மருந்து எழுதிறது அவையின்ட வேலை. கிருமி என்ன செய்யும், எந்த வழியால வரும் எண்டதைத்தான் நான் சொல்லலாம்.

கிருமி எண்டா கிருமிதானே மிஸ், பக்டீரியா வைரஸ் எண்டு ஏன் பிரிச்சுப் பிரிச்சுக் கதைக்கிறியள்?

பிரிக்காட்டி மருந்து பிழைச்சுப் போகும், அதுதான். பக்டீரியா தனிய ஒரு உயிர், சாப்பாடும் ஈரமும் கிடைச்சா தன்ரபாட்டில ரெண்டாப் பிரிஞ்சு பெருகும், சிலது 20 நிமிசத்துக்கு ஒருக்கா. வைரஸ் அப்பிடியில்லை, அது எங்கட உடம்புக் கலத்துக்குள்ள பூந்து அந்தக் கலத்தைக் கொண்டே தன்னைப் போல பிரதி அடிப்பிக்கும், வெளியில கிடந்தா சும்மா தூசு மாதிரி. அளவும் அப்பிடித்தான், நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) பக்டீரியா ஒண்டு ஒரு ரெண்டு மைக்ரோன் நீளம், அந்த நீளத்துக்குள்ள டெங்கு வைரஸ் 40ஐ வரிசையா அடுக்கலாம். "மைக்ரஸ்கோப்பில டெங்கு தெரிஞ்சதோ" எண்டு கேக்கிறவைக்கு இதுதான் பதில், எங்கட மைக்ரஸ்கோப்பில ஒருநாளும் தெரியாது.

இதை விட பங்கசு இருக்கு, தேமல் படர்தாமரை எல்லாம் அதின்ட வேலை. ஒட்டுண்ணியள் இருக்கு, மலேரியா, பூச்சி, யானைக்கால். ஒவ்வொண்டுக்கும் மருந்து வேற.

காய்ச்சல் எண்டா உடன ஒரு அன்ரிபயோட்டிக் போட்டா கெதியா மாறும்தானே?

அன்ரிபயோட்டிக் பக்டீரியாவுக்கு மட்டும்தான். அதின்ட சுவரை உடைக்கும், இல்லாட்டி அது புரதம் செய்யிற மெசினை நிப்பாட்டும். வைரசுக்கு சுவரும் இல்லை, சொந்த மெசினும் இல்லை, பிறகு எதை உடைக்கிறது? டெங்கு, தடிமன், அம்மாள், வைரசால வாற செங்கமாரி எதுக்கும் அமொக்சிலின் ஒண்டும் செய்யாது. தடிமனுக்குப் போட்டு மாறினது எண்டு சொல்லுவினம், தடிமன் போடாட்டியும் அந்த நாளில மாறியிருக்கும்.

எனக்கு இதில சொந்தக் கோவம் ஒண்டு இருக்கு. போன மாரிக்கு ஒரு அம்மா பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தா, ஏழு நாளாக் காய்ச்சல், டொக்டர் பிளட் கல்ச்சர் எழுதியிருக்கிறார், இரத்தத்தில இருக்கிற கிருமியைப் போத்தலுக்குள்ள முளைக்க வைச்சுப் பாக்கிற சோதினை. கைப்பையைத் திறக்க ஒரு பழைய மருந்து உறை, அதுக்குள்ள மூண்டு கப்சூல், மூத்தவனுக்கு தொண்டை நோவுக்குக் குடுத்ததில மிச்சமாம், ரெண்டு நாளா இவனுக்குக் குடுத்திருக்கிறா. அரைகுறையாக் குடுத்த மருந்து இரத்தத்தில இருக்கிற கிருமியை அமத்தி வைச்சிடும், கல்ச்சர் போத்தலுக்குள்ள முளைக்காது, ரிப்போட் ஒண்டும் இல்லை எண்டு வரும், ஆனா வருத்தம் உள்ளுக்க இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் வந்தது. மிச்சக் குளிசையை வைச்சிருக்காதேங்கோ எண்டு நான் கத்திறது இதுக்குத்தான். அரைகுறைக் கோர்சில தப்பிற பக்டீரியா அந்த மருந்துக்குப் பழகினதா இருக்கும், பிறகு பெருகிறது முழுக்க அதின்ட வம்சம்தான்.

மழையில நனைஞ்சா தடிமன் வரும்தானே?

மழைத் தண்ணியில தடிமன் வைரஸ் இல்லை. மழைக்கு எல்லாரும் யன்னலைப் பூட்டிப்போட்டு ஒரு அறைக்குள்ள இருந்து இருமுறம், அதால வாறதுதான் கூட. மூக்குக்குள்ள குளிர்ந்தா வைரஸ் பெருகிறது கொஞ்சம் லேசு எண்டும் சொல்லுவினம். தலையைத் துவட்டுங்கோ, அது நல்லதுதான்.

எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அம்மப்பா காலத்தில இருந்து அள்ளிக் குடிக்கிறம், ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லையே?

இதுதான் நான் அதிகம் கேக்கிற கேள்வி, ஆக்கள் கொஞ்சம் கோவத்தோடையும் கேக்கிறவை, ஏனெண்டா எங்கட ஊரில கிணத்தைக் குறை சொன்னா வீட்டைக் குறை சொன்ன மாதிரி. முதல் விசயம், தெளிவுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. ஒரு கிளாஸ் தண்ணியில லட்சக்கணக்கில பக்டீரியா இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாத்தான் தெரியும்.

ரெண்டாவது, யாழ்ப்பாணத்துக்குக் கீழ இருக்கிறது சுண்ணாம்புக்கல்லு. மணல் எண்டா தண்ணி மெல்ல மெல்ல ஊறி வடிபட்டு இறங்கும், சுண்ணாம்புக்கல்லில வெடிப்பும் குகையும், மேல ஊத்தினது வடிபடாம நேர இறங்கிப் பக்கத்துக் கிணத்துக்க போயிடும். அம்மப்பா காலத்தில நாலு பரப்புக் காணிக்குள்ள ஒரு வீடு, ஒரு கிணறு. இப்ப அதே நாலு பரப்புக்குள்ள மூண்டு வீடு, மூண்டு மலகுழி, கனது அடியில சீமெந்து போடாதது. மாரியில நிலத்தடித் தண்ணி மேல வரும், குழியும் நிரம்பும், ரெண்டும் நிலத்துக்குக் கீழ கை குலுக்கும். நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, வயித்தோட்டம் எல்லாம் எங்கட ஊரில இந்த வழியாலதான் கூட வாறது.

மானிப்பாயில ஆஸ்பத்திரி நடத்தின கிறீன் வைத்தியர் இஞ்ச வந்தது 1847ல, வைத்தியப் புத்தகங்களைத் தமிழில ஆக்கினவர். அவர் இஞ்ச வேலை செய்த காலத்தில கொலராவுக்கு ஒரு பக்டீரியாதான் காரணம் எண்டு உலகம் ஒத்துக்கொள்ளேல்லை, ஜேர்மன்காரர் கொக் அதை நிறுவினது 1884ல. அப்ப காத்தில வாறது, நாத்தத்தில வாறது எண்டுதான் கன பேர் நினைச்சவை. இப்ப தெரிஞ்சும் நாங்கள் மலகுழியைக் கிணத்தடியில வெட்டுறம். எவ்வளவு தள்ளி இருக்க வேணும், கிணத்துக்கு குளோரின் எவ்வளவு எண்டதுக்கு உங்கட பகுதி பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கூப்பிட்டுக் காட்டுங்கோ, வெள்ளம் வந்து வத்தினாப் பிறகு கட்டாயம்.

அப்ப கொதிக்க வைச்சா எல்லாம் போயிடும்தானே?

கிருமி போகும். தண்ணி குமிழி விட்டு வடிவாக் கொதிச்சு ஒரு நிமிசம் நிண்டாக் காணும், நெருப்புக்காய்ச்சல் பக்டீரியாவும் செங்கமாரி வைரசும் செத்திடும். கொதிச்சாறின தண்ணிக்குள்ள கையை விட்டுக் கோப்பையால அள்ளினா வேலை வீண், ஊத்திக் குடியுங்கோ.

போகாதது நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடுற உரத்தாலயும் மலகுழியாலயும் எங்கட கிணறுகளில அது கூட, வலிகாமத் தோட்டப் பக்கம் முக்கியமா. அது கிருமி இல்லை, உப்பு மாதிரிக் கரைஞ்சு கிடக்கிறது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தி அது இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற ஆக்கள் தண்ணியைச் சோதிச்சுப் பாக்க வேணும்.

வயித்தாலை போகேக்க தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகும் எண்டு மாமி சொல்லுறா?

மாமி பிழை எண்டு நான் சொன்னதா வீட்டில போய்ச் சொல்லிடாதேங்கோ. வயித்தோட்டத்தில ஆள் சாகிறது கிருமியால நேரடியா இல்லை, தண்ணியும் உப்பும் வெளியில போய் உடம்பு காயிறதால. சின்னப் பிள்ளை எண்டா ஒரு நாளே காணும். எந்தக் கிருமி எண்டு கண்டுபிடிக்க முன்னம் தண்ணியை நிரப்ப வேணும்.

வெறும் தண்ணியை விட ஜீவனி, அதுதான் பைக்கட்டில வாற உப்புச்சீனித் தூள், ஏன் நல்லது எண்டா, குடல் உப்பை உள்ளுக்க எடுக்கிற வாசல் ஒண்டு சீனியும் சேந்து வந்தாத்தான் திறக்கும், உப்பு போனா பின்னால தண்ணியும் போகும். கொலராவிலயும் அந்த வாசல் பழுதாகாது. 1971ல வங்காளதேச அகதி முகாமில மகலனாபிஸ் எண்ட டொக்டர், ஏத்திற சேலைன் முடிஞ்சு போக, இந்த உப்புச்சீனித் தண்ணியை டிரம்மில கரைச்சுக் குடுத்தவர், 100க்கு 30 பேர் செத்த இடத்தில 4 பேருக்குக் கிட்டக் குறைஞ்சுது. பைக்கட்டில எழுதியிருக்கிற அளவுத் தண்ணியிலயே கரையுங்கோ, அரைவாசித் தண்ணியில கரைச்சா உப்பு கூடிப்போகும், கரைச்சதை 24 மணித்தியாலத்துக்கு மேல வைச்சிருக்கக்கூடாது. சத்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டு கரண்டி கரண்டியாக் குடுங்கோ.

விடிய வைச்ச சொதி, பின்னேரம் லேசாப் புளிச்ச மாதிரி இருந்தது, நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் சாப்பிட்டம், பிறகும் ஏன் சத்தி?

சில பக்டீரியா சாப்பாட்டுக்குள்ள இருந்து பெருகேக்க ஒரு நஞ்சைச் சுரந்து விடும். திரும்பக் கொதிக்க வைக்கேக்க பக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. தேங்காய்ப்பால், சோறு, இறைச்சி மூண்டும் அதுகளுக்கு விருந்து. சோத்தில வாற ஒரு பக்டீரியாவுக்கு வித்து மாதிரி ஒரு வடிவம் இருக்கு, அது சோறு அவியிற சூட்டையும் தாங்கும். பெரிய சட்டியில சமைச்சதை மூடி வைச்சா நடுப்பகுதி மணிக்கணக்கா இளஞ்சூட்டில கிடக்கும், அன்னதானத்தில சனத்துக்கு ஏலாமப் போறது அநேகமா இதாலதான். சாப்பிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில சத்தி எண்டா இந்த நஞ்சில சந்தேகப்படலாம்.

செங்கமாரிக்கு ஆஸ்பத்திரியில மருந்தே இல்லையாம், அப்ப நாட்டு மருந்து குடிச்சா என்ன?

செங்கமாரி எண்டது நிறம், வருத்தத்தின்ட பேர் இல்லை. ஈரல் பழுதாகி பித்தம் இரத்தத்தில கூட கண் மஞ்சளாகும், அதுக்குக் காரணம் கனக்க இருக்கு. தண்ணியால சாப்பாட்டால வாறது ஏ வகை, வைரஸ் உள்ளுக்க போய் ஒரு மாதம் கழிச்சுத்தான் கண் மஞ்சளாகும், அதால எங்க குடிச்ச தண்ணி எண்டு ஞாபகம் வராது. பி வகை இரத்தத்தால, ஊசியால, உடலுறவால, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வாறது. எலிக்காய்ச்சல் முத்தினாலும் கண் மஞ்சளாகும், அது வேற கதை, கீழ சொல்லுறன்.

ஏ வகை அநேகமா தானா மாறும், அந்த நேரத்தில எந்த இலையைக் குடிச்சிருந்தாலும் அந்த இலைக்குத்தான் பேர் போகும். பிரச்சினை என்னெண்டா ஏற்கனவே நொந்து போன ஈரல்தான் அந்தச் சாறையும் சுத்திகரிக்க வேணும். கீழ்க்காய்நெல்லியோட நிப்பாட்டுற ஆக்கள் குறைவு, பிறகு பேர் தெரியாத தூள் வரும். முதல்ல இரத்தம் பாத்து எந்த வகை எண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதானே பெருகும், நாங்கள் கடற்கரை ஆக்கள், எல்லாம் உவர்த் தண்ணி, எங்களுக்கு ஏன் வருது?

நானும் அப்பிடித்தான் படிச்சனான். ஆனா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எங்கட கரையோரத்தில தேடிப் பாத்து, கைவிட்ட கிணறு, உடைஞ்ச வள்ளம், எறிஞ்ச கப்புகளுக்குள்ள நிண்ட உவர்த் தண்ணியிலயும் டெங்கு நுளம்பின்ட புழு வளருது எண்டு கண்டுபிடிச்சு 2011ல எழுதினவை. எங்களுக்கு அது புதுக்கதை. அதால குருநகர், மயிலிட்டி ஆக்களும் வள்ளத்தைக் கவிட்டு வையுங்கோ.

இன்னொண்டு, முட்டை தண்ணிக்குள்ள இல்லை, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல வாளியின்ட சுவரில ஒட்டிக் கிடக்கும். வாளியைக் கவிட்டு ஊத்தினாப் போகாது. காஞ்சு மாதக்கணக்கில கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேங்காய்ப்பொச்சு போட்டு உரஞ்ச வேணும். கூரைப் பீலி, சிரட்டை, பிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, கிணத்தடி வாழைமடல், இதுகளை ஞாயிற்றுக்கிழமை ஒரு சுத்து பாத்தாக் காணும்.

மூண்டு நாள் காய்ச்சல், இண்டைக்கு விட்டிட்டுது, இனிப் பயமில்லைத்தானே?

டெங்குவில பயம் துவங்கிறதே அப்பதான். முதல் மூண்டு நாலு நாள் வைரஸ் இரத்தத்தில ஆடும், காய்ச்சல் 103, 104, கண்ணுக்குப் பின்னால நோ, எலும்பு முறியிற மாதிரி நோ. பிறகு காய்ச்சல் இறங்கிற நேரத்தில சில பேருக்கு இரத்தக் குழாய்ச் சுவர் கசியத் துவங்கும், இரத்தத்தில இருக்கிற நீர் நெஞ்சுக்கையும் வயித்துக்கையும் வடியும். இது ஒரு 24 தொடக்கம் 48 மணித்தியாலம். ஆள் எழும்பி இருந்து தேத்தண்ணி கேக்கும், வீட்டில எல்லாருக்கும் நிம்மதி, அதுக்குள்ள பிரசர் இறங்கும்.

வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிருறது, சலம் குறையிறது, நித்திரை மாதிரிச் சோர்வு, முரசில இரத்தம், கறுப்பா வெளியில போறது, பொம்பிளையளுக்கு மாதவிடாய் வழமையை விடக் கூடப் போறது, இதில ஒண்டு வந்தாலும் விடியட்டும் எண்டு பாக்காதேங்கோ. பனடோல் மட்டும் போடுங்கோ, அளவோட. டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் தொடக்கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். குடிக்கிறது வெறும் தண்ணியா இல்லாம கஞ்சி, இளநி, ஜீவனி. சிவப்பு, மண்ணிறச் சோடா வேண்டாம், சத்தி எடுத்தா அது இரத்தமோ சோடாவோ எண்டு வாட்டில ஒருத்தருக்கும் விளங்காது.

எங்கட பக்கம் டெங்கு உச்சத்துக்கு வாறது வடகீழ் மழையோட, மார்கழி தை. கொழும்புப் பக்கம் ஆனி ஆடியிலயும் வரும், 2017ல அந்த அலையில நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல பதிவானது.

பிளேட்லட் 90 ஆயிரமாம், பப்பாசி இலைச்சாறு குடுத்தாக் கூடுமோ?

எல்லாரும் ரிப்போட்டைப் பறிச்சு முதல்ல பாக்கிறது பிளேட்லட்டைத்தான், இரத்தம் உறைய உதவுற சின்னத் துணுக்கு அது. நான் சொல்லுறன், அதுக்குப் பக்கத்தில பி.சி.வி எண்டு ஒரு எண் இருக்கும், இரத்தத்தில சிவப்பணு எத்தினை வீதம் எண்டு காட்டுறது, அதைப் பாருங்கோ. மேல சொன்ன கசிவு துவங்கினா நீர் வெளியில போய் இரத்தம் தடிக்கும், 38ல நிண்டது 45, 46 எண்டு ஏறும். டொக்டர்மார் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரத்தம் கேக்கிறது இதுக்குத்தான், லாப்புக்கு உழைச்சுக் குடுக்க இல்லை.

பிளேட்லட் குறைஞ்சு பிறகு தானா ஏறும், அந்த ஏறுற நாளில எது குடிச்சியளோ அது மருந்து ஆகிடும், செங்கமாரி இலைக்கதைதான் இஞ்சயும். பப்பாசி இலைச்சாறு கசிவை நிப்பாட்டாது. கைப்புக்குச் சத்தி எடுத்து உள்ள நீரும் போற பிள்ளையளைக் கண்டிருக்கிறன்.

ஒருக்கா வந்தா திரும்ப வராதாமே டெங்கு?

டெங்கு வைரஸ் நாலு வகை. வந்த வகை திரும்ப வராது, மற்ற மூண்டும் வரலாம். ரெண்டாந்தரம் வேற வகை வந்தா பழைய எதிர்ப்புச் சக்தி அதை வடிவாப் பிடிக்காம, சில நேரம் கலத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போய் விடும், அதால ரெண்டாவதுதான் கூடக் கடுமை. எனக்கு 2012ல வந்தது தானே எண்டு ஆறுதல் படாதேங்கோ.

எங்கட வீட்டில எலியே இல்லை, எனக்கு எப்பிடி எலிக்காய்ச்சல்?

எலி உங்களைக் கடிக்கத் தேவையில்லை, வீட்டில இருக்கவும் தேவையில்லை. அந்தக் கிருமி சுருள் சுருளான ஒரு பக்டீரியா, எலியின்ட சிறுநீரகத்தில குடியிருக்கும், எலிக்கு ஒண்டும் செய்யாது, எலி வயலிலயும் வாய்க்காலிலயும் சலம் விட அதில வெளியில வரும். மாடு, நாயும் காவும். ஈரச் சேத்தில வாரக்கணக்கில உயிரோட இருந்து கால் வெடிப்பு, கீறல், கண், மூக்கு வழியா எங்களுக்குள்ள வரும். 2024 மார்கழியில வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில என்னெண்டு தெரியாத காய்ச்சல் எண்டு ஆக்கள் செத்து, சனம் நடுங்கிப் போய், கடைசியில சோதிச்சா எலிக்காய்ச்சல்.

கெண்டைக்கால் தசை தொட ஏலாத நோ, பீளை இல்லாமக் கண் சிவக்கிறது, தலையிடி, பிறகு சலம் குறையிறது. இது பக்டீரியா, அன்ரிபயோட்டிக்குக் கேக்கும், ஆனா நேரத்துக்குப் போனா. அதால ஆஸ்பத்திரியில போய் நிண்டவுடன முதல் சொல்ல வேண்டியது "நான் போன கிழமை வயலில இறங்கினனான்" எண்டது. வயல் காலத்தில எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரால கிழமைக்கொருக்கா குடுக்கிற தடுப்புக் குளிசை இருக்கு, கேட்டு வாங்குங்கோ.

உண்ணிக்காய்ச்சல் எண்டது மாட்டு உண்ணியாலயோ?

இல்லை. பத்தைக்குள்ள இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின்ட குஞ்சு கடிக்கிறதால. கடிச்ச இடம் நோகாது, பிறகு சிகரட்டால சுட்ட மாதிரிக் கறுத்த பொருக்கு வரும், அக்குள், அரை, கவட்டுப் பக்கம், அதால ஒருத்தரும் காணுறதில்லை, சொல்ல வெக்கம் வேற. விறகு பொறுக்கப் போன, வளவு துப்பரவாக்கின ஆளுக்கு ஒரு கிழமை கழிச்சுக் காய்ச்சல் எண்டா குளிக்கேக்க உடம்பு முழுக்க ஒருக்கா தேடிப் பாருங்கோ. அந்த ஒரு பொருக்கைக் காட்டினா டொக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சுது, சரியான மருந்து போட்டா ரெண்டு நாளில காய்ச்சல் விழும்.

அம்மாள் வந்த பிள்ளைக்கு மருந்து குடுத்தா அம்மாளுக்குக் கோவமாம், உண்மையோ?

வேப்பிலை கட்டுங்கோ, மச்சம் காச்சாம இருங்கோ, நானும் எங்கட வீட்டில அப்பிடித்தான். வேப்பிலையைக் கண்டு வாற ஆக்கள் திரும்பிப் போறது நல்ல தனிமைப்படுத்தல். ஆனா ஊரில அம்மாளுக்கு அவ்வளவு பயம் வந்தது பெரியம்மையால, அது மூண்டில ஒருத்தரைக் கொண்டது, 1977ல கடைசியா சோமாலியாவில ஒருத்தருக்கு இயற்கையா வந்து 1980ல உலகத்திலயே இல்லை எண்டு அறிவிச்சாச்சு. இப்ப வாறது கொப்பளிப்பான் (சின்னம்மை), வேற வைரஸ்.

பிள்ளையளுக்கு அநேகமா லேசா மாறும். பெரிய ஆக்கள், கர்ப்பிணி, பிறந்த குழந்தைக்கு அது லேசில்லை, அவைக்கு வைரசுக்கெண்டே மருந்து இருக்கு, முதல் கொப்பளம் கண்ட 24 மணித்தியாலத்துக்குள்ள துவங்கினா வடிவா வேலை செய்யும், அதுக்குள்ள காட்டுங்கோ. அஸ்பிரின் குடுக்கவே கூடாது. கொப்பளம் வர ஒண்டு ரெண்டு நாளுக்கு முன்னமே தொத்தத் துவங்கும், எல்லாம் பொருக்குக் கட்டுற வரைக்கும் தொத்தும். மாறினாப் பிறகும் அந்த வைரஸ் நரம்புக்குள்ள ஒளிச்சிருக்கும், வயசு போகேக்க ஒரு பக்கமா அக்கியா வெளியில வாறது அதுதான்.

கண்நோய்க்காரரைப் பாத்தாலே தொத்திடுமோ?

பாக்கிறதால தொத்தாது. அவர் கண்ணைக் கசக்கி, கதவுப் பிடியைத் தொட்டு, நீங்கள் அதைத் தொட்டு உங்கட கண்ணைக் கசக்கினாத் தொத்தும். கறுப்புக் கண்ணாடி போட்டிட்டு ஒரே துவாயைப் பாவிக்கிற குடும்பங்கள் இருக்கு.

எங்கட நாய்க்குட்டிதான், லேசாப் பல்லுப் பட்டது, அதுக்கும் ஊசியோ?

கட்டாயம் காட்ட வேணும். விசர் (ரேபீஸ்) வைரஸ் எச்சிலில இருக்கும், கீறலே காணும், குட்டியும் பூனையும் கீரியும் காவும். நரம்பு வழியா மெல்ல மூளைக்கு ஏறும், அதுக்கு வாரங்கள் மாதங்கள் எடுக்கும், அந்த இடைவெளியாலதான் ஊசி வேலை செய்யுது, 1885ல பாஸ்டர் முதல்முதல் ஒரு பெடியனுக்குக் கடிச்சாப் பிறகு போட்டதும் அந்தத் துணிவிலதான். விசரின்ட அறிகுறி தெரிஞ்சா பிறகு கிட்டத்தட்ட ஒருத்தரும் தப்பினதில்லை.

கடிச்ச உடன ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் மணிக்கூட்டைப் பாத்துக் கழுவுங்கோ, மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பி ஒண்டும் வேண்டாம். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுத்தி 14 ஊசி எண்ட காலம் எப்பவோ போச்சு, இப்ப கையில. நாயை அடிச்சுக் கொண்டிடாதேங்கோ, கட்டி வைச்சு 14 நாள் பாக்க வேணும். தடுப்பூசிக் காட் இருந்தா அதையும் கொண்டு போங்கோ, ஊசி தேவையோ இல்லையோ எண்டு அவை முடிவெடுக்கட்டும்.

கசம் பரம்பரை வருத்தம்தானே, கலியாணம் பேசேக்க மறைக்கத்தானே வேணும்?

கசம் (காசநோய், டி.பி) பரம்பரை இல்லை, ஒரு பக்டீரியா. 1882 பங்குனி 24ல அதே கொக்தான் அறிவிச்சவர். ஒரு வீட்டில ரெண்டு பேருக்கு வாறது ஒரே காத்தைச் சுவாசிக்கிறதால. கோப்பை, தட்டு, உடுப்பால பரவாது, ஆளுக்குத் தனிக் கோப்பை வைச்சு மனசை நோகடிக்கிறதுதான் மிச்சம். மருந்து துவங்கி ரெண்டு கிழமையளவில அநேகமா தொத்திறது நிண்டிடும், ஆனா குறைஞ்சது ஆறு மாதம் விழுங்க வேணும், ஏனெண்டா இந்தப் பக்டீரியா மெல்லப் பிரியிறது, கொஞ்சம் நித்திரையில கிடக்கும். ரெண்டாம் மாதம் உடம்பு தேற நிப்பாட்டுற ஆக்களுக்கு மருந்துக்குக் கேக்காத கசம் வரலாம். ரெண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டா சளி குடுங்கோ, நெஞ்சு ஆஸ்பத்திரியில காசு இல்லாமப் பாப்பினம்.

மலேரியா இலங்கையில இல்லையாம், பிறகேன் இந்தியா போய் வந்த எனக்கு விரலில குத்தினவை?

இஞ்ச மலேரியா ஒழிய முன்னம் உள்ளூரில தொத்தின கடைசி ஆள் 2012 ஐப்பசியில, 2016 புரட்டாதியில உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஆனா 1963லயும் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் இருந்தது, போச்சுது எண்டு கை விட, அந்தப் பத்தாண்டு முடிய முன்னம் லட்சக்கணக்கில திரும்ப வந்தது. ஒட்டுண்ணி போனாலும் நுளம்பு போகேல்லை. இந்தியாவில பட்டினத்து மலேரியாவைப் பரப்பிற நுளம்பு ஒண்டை 2016 கடைசியில மன்னாரில கண்டவை, பிறகு யாழ்ப்பாணத்திலயும், அதுக்குக் கிணறு நல்ல விருப்பம். உங்கட இரத்தத்தில ஒட்டுண்ணி இருந்தா அந்த நுளம்புக்கு அது காணும்.

தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் சின்னமுத்து வந்ததே, பிறகேன் போடுவான்?

சின்னமுத்து (மீசில்ஸ்) அவ்வளவு தொத்தும், எதிர்ப்பில்லாத பத்துப் பேர் ஒரு அறையில இருந்தா ஒன்பது பேருக்கு வரும். முதல் ஊசி 9 மாதத்தில, அது ஒரு சில பிள்ளையளுக்குப் பிடிக்காது, அதுக்குத்தான் 3 வயசில ரெண்டாவது. சில பேர் முதலாவதோட விட்டிடுவினம். 2019ல இலங்கையில சின்னமுத்து ஒழிஞ்சது எண்டு அறிவிச்சு, 2023ல திரும்ப வந்தது, போடாத ஆக்கள் சேந்து சேந்து வைரசுக்கு வழி விட்டதால. போட்டும் வந்த பிள்ளைக்கு அநேகமா லேசா வரும். காட்டை எடுத்துப் பாருங்கோ.

என்.எஸ்.1 நெகட்டிவ் எண்டு வந்திட்டுது, அப்ப டெங்கு இல்லைத்தானே?

எத்தினையாம் நாள் எடுத்தது எண்டதில இருக்கு பதில். என்.எஸ்.1 எண்டது வைரஸ் விடுற ஒரு புரதம், முதல் மூண்டு நாலு நாளில பிடிபடும், பிறகு குறைஞ்சு போகும், ரெண்டாந்தரம் டெங்கு வந்த ஆளுக்கு இன்னும் கெதியாக் குறையும். எலிக்காய்ச்சலுக்குப் பாக்கிற எதிர்ப்புச்சக்திச் சோதினை நேரெதிர், முதல் நாலைஞ்சு நாள் ஒண்டும் காட்டாது. நெருப்புக்காய்ச்சலுக்கு முதல் கிழமையில பிளட் கல்ச்சர்தான் நம்பலாம், அதையும் மிச்சக் கப்சூல் கெடுத்துப்போடும் எண்டு மேல புலம்பினன். பழைய வைடால் சோதினை முந்தி வந்த வேற கிருமிக்கும் பொசிட்டிவ் காட்டும்.

அதால என்னட்ட இரத்தம் குடுக்க வந்தா கையை நீட்ட முன்னம் மூண்டு விசயம் சொல்லுங்கோ: காய்ச்சல் எண்டைக்கு, எத்தினை மணிக்குத் துவங்கினது, என்ன குளிசை விழுங்கினியள், வயல் வெள்ளம் பத்தைக்குள்ள இறங்கினியளோ. நான் துண்டின்ட மூலையில எழுதி விடுவன். முந்தநாள் ஒரு அண்ணை "வியாழக்கிழமை, சந்தையால வந்து சைக்கிளை விடேக்க நடுங்கினது" எண்டு சொன்னார், அது போதும், நாலாம் நாள் எண்டு போட்டு அனுப்பினன்.